சைனாடவுனுக்குப் பெயர்ப்பலகை வைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சிங்கப்பூரில் எந்தப் பலகையை எந்த அலுவலகம் வைக்கிறது என்பது எனக்கு இன்றுவரை பிடிபட்டதில்லை. தெருப்பெயர்களை முடிவு செய்ய ஒரு வாரியம், பழைய கடைவீடுகளைப் பாதுகாக்க நகர மறுசீரமைப்பு ஆணையம், வரலாற்றை எழுதி நிறுத்தத் தேசிய மரபுடைமைக் கழகம், வருகிறவர்களுக்கு வழிகாட்டப் பயணத்துறைக் கழகம் என்று ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்து வைத்திருக்கிறீர்கள். அதனால் உங்கள் எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். யார் மேசைக்கு வந்தாலும் "இது எங்கள் பிரிவு இல்லை" என்று அடுத்த மேசைக்குத் தள்ளிவிடாமல் கடைசிவரை படித்துவிடுங்கள்.

விஷயம் சின்னது. சைனாடவுன் தெருக்களில் இப்போதிருக்கும் பெயர்ப்பலகைக்குக் கீழே இன்னொரு சின்னப் பலகை வேண்டும். அந்தத் தெருவில் வாழ்ந்தவர்கள் அதை என்ன சொல்லிக் கூப்பிட்டார்களோ, அந்தப் பெயர் அதில் இருக்க வேண்டும். அவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்று சொல்லத்தான் இந்த நீளம்.

எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். நிலையப் பெயர் ஆங்கிலத்தில் சைனாடவுன். தமிழிலும் அதே ஒலி, 'சைனாடவுன்'. சீனத்தில் மட்டும் வேறு: 'நியூச்சேஷுய்'. அதில் சீனரும் இல்லை, ஊரும் இல்லை. மாடு, வண்டி, தண்ணீர் என்ற மூன்று சொற்கள்தான் இருக்கின்றன. மலாயில் சொல்லும் கிரேத்தா ஆயரும் அதேதான், தண்ணீர் வண்டி. ஆன் சியாங் மலையிலும் ஸ்பிரிங் ஸ்திரீட்டிலும் இருந்த கிணறுகளில் இறைத்த தண்ணீரை மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து ஊருக்கு ஊற்றிய காலத்துப் பெயர். குழாய் வந்தது, வண்டி போனது, மாடும் போனது, ஆனால் பெயரைச் சீனர்கள் விடவில்லை. சீனத்தில் படிக்கத் தெரிந்தவர் ரயிலிலிருந்து இறங்கும்போது ஒரு மாட்டுவண்டியைப் பார்க்கிறார். நானும் நீங்களும் ஒரு சுற்றுலா அட்டையைப் பார்க்கிறோம். நால்வரில் மூவர் சீனராக இருக்கும் நாட்டில் ஓரிடத்தைச் சுட்டி 'சீனர் பேட்டை' என்று சொல்வது, கடலில் ஓரிடத்தைக் காட்டி இங்கே தண்ணீர் இருக்கிறது என்று பலகை நட்ட மாதிரிதான்.

இதில் நமக்கு ஒரு வேடிக்கையும் இருக்கிறது. நம் ஆட்கள் யாராவது "லிட்டில் இந்தியாவுக்குப் போய் மல்லிகைப்பூ வாங்கி வா" என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? தேக்காவுக்குத்தான் போவோம். தேக்கா தமிழ்ச் சொல்லே இல்லை, ஹொக்கியன். மூங்கிலடி என்று பொருள். ஆக, தமிழர் பேட்டைக்குத் தமிழர் வைத்துக்கொண்ட பெயர் சீனப்பெயர். சரி, சீனர் பேட்டையின் நடுத்தெருக்களுக்குப் பெயர் எங்கிருந்து வந்தது? அதற்கு வருகிறேன்.

எங்கள் வீடு தஞ்சோங் பகாரில் இருந்தது. அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார், அந்தக் காலத்தில் அந்தப் பக்கம் இருந்த பல தமிழ்க் குடும்பங்களைப் போல. காய்கறி, மீன் எல்லாவற்றுக்கும் அம்மா கிரேத்தா ஆயருக்குத்தான் நடப்பார், என்னையும் இழுத்துக்கொண்டு. இது 1970களின் கடைசி. சந்தைக்கென்று கட்டடம் கிடையாது, தெருவே சந்தை. திரங்கானு ஸ்திரீட்டில் தரையெல்லாம் ஈரம், தலைக்கு மேலே தார்ப்பாய், அதற்கும் மேலே மாடி ஜன்னல்களிலிருந்து நீட்டிய மூங்கில் கழிகளில் துணி. கூண்டில் ஆமை, கோணிக்குள் பாம்பு, உடும்பு மாதிரி ஏதோ ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு கிடக்கும். நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். அம்மாவுக்குச் சீனம் தெரியாது, கீரை விற்ற அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. இருவரும் பாசார் மலாயில் பேரம் பேசுவார்கள், அதில் பாதி விரல்கள்தான். கணக்கு முடிந்ததும் அந்த அம்மாள் ஒரு கட்டு வெங்காயத்தாளைக் கொசுறாகப் போட்டு, என் கன்னத்தைக் கிள்ளி ஏதோ சொல்வார். என்ன சொன்னார் என்று இன்றைக்கும் தெரியாது.

அந்த வயதில் பகோடா ஸ்திரீட் என்று யாரோ சொல்லக் கேட்டுவிட்டு, பக்கோடா விற்கிற தெரு என்றே நினைத்திருந்தேன். அப்பாவிடம் கேட்டதற்கு அவர் சிரிக்கவில்லை. தெருக்கோடியில் இருந்த மாரியம்மன் கோயில் கோபுரத்தைக் காட்டி, "அதுதான் பகோடா" என்றார். வெள்ளைக்காரனுக்கு உயரமாய் அடுக்கடுக்காய் எந்தக் கோயில் தெரிந்தாலும் பகோடாதான். இன்றைக்கும் கையில் வரைபடத்தோடு சீனப் பகோடாவைத் தேடிக்கொண்டு அந்தத் தெருவில் மேலும் கீழும் நடக்கிற பயணிகளைப் பார்க்கிறேன். ஒரு தடவை ஒரு வழிகாட்டி, பெயர் வேண்டாம், கோபுரத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டு, இங்கே முன்பு ஒரு சீனப் பகோடா இருந்தது, இடித்துவிட்டார்கள் என்று கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார். கோபுரத்துப் பொம்மைகள் அவர் தலைக்கு மேலேயே இருந்தன. குறுக்கே பேச நினைத்தேன், கூட்டம் நகர்ந்துவிட்டது.

1819இல் பினாங்கிலிருந்து ராஃபிள்ஸோடு வந்த நாராயண பிள்ளை 1827இல் மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் எழுப்பிய கோயில் அது. இப்போது நாம் பார்க்கும் ஆறடுக்குக் கோபுரம் 1925ஐச் சேர்ந்தது. பகோடா ஸ்திரீட்டின் பகோடா மாரியம்மன் கோபுரம், பக்கத்து டெம்பிள் ஸ்திரீட்டின் டெம்பிளும் அதே கோயில், மறுபக்கம் மோஸ்க் ஸ்திரீட்டின் மோஸ்க் 1826இல் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் தொடங்கிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசல். சைனாடவுனின் நடுவில் அடுத்தடுத்து மூன்று தெருக்கள் தமிழர் கட்டிய இரண்டு கட்டடங்களின் பெயரில் இருக்கின்றன. பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆங்கிலேயன் வரைபடம் போடும்போது அவன் கண்ணில் பட்டதைப் பெயராக வைத்தான், நாங்கள் அவன் கண்ணில் பட்டோம். அந்தத் தெருக்களில் படுத்து எழுந்த கண்டோனீயச் சீனர்கள் அந்தப் பெயர்களைச் சொல்லவே இல்லை. அவர்கள் சொன்ன பெயர்களைத்தான் கேட்கிறேன்.

பகோடா ஸ்திரீட்டையே எடுங்கள். அவர்களுக்கு அது 'க்வோங் ஹப் யூன்' தெரு. 37ஆம் எண் கடைவீட்டில் இருந்த கூலி வியாபார நிறுவனத்தின் பெயர் அது. தென்சீனத்திலிருந்து கடனுக்குக் கப்பலேறி வந்தவர்களை இறக்கி, தங்கவைத்து, சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும் பிரித்து அனுப்பிய இடங்களில் ஒன்று. வந்தவன் கப்பல் கூலியை உழைத்துத் தீர்க்கும்வரை அவன் அவனுக்குச் சொந்தமில்லை. (நம் தாத்தாமார் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த கதைக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை.) இன்று எம்ஆர்டி மின்படிக்கட்டு நேராக அந்தத் தெருவில்தான் கொண்டுவிடுகிறது. இரண்டு பக்கமும் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தப் பொம்மை, பட்டு மாதிரியான ஏதோ ஒரு துணியில் தைத்த சட்டை, தொங்கும் விளக்கு. விற்கட்டும், பிழைப்புதானே. ஆனால் கூலிகள் கால்வைத்த தெருவின் வாசலில் 'க்வோங் ஹப் யூன் தெரு' என்ற ஒரு வரி இருந்தால், படிக்கட்டிலிருந்து இறங்குகிற ஒருவராவது "அது யார்?" என்று கேட்பாரா மாட்டாரா?

அடுத்தது சேகோ லேன். சேகோ என்றால் நம் சவ்வரிசி. 1840களில் அந்தப் பக்கம் சவ்வரிசித் தொழிற்கூடங்கள் இருந்ததால் வந்த பெயர். கண்டோனீயர்கள் அதைச் 'செய் யான் காய்' என்றார்கள். செத்தவர் தெரு. ஒளிவுமறைவே இல்லை.

காரணமும் நேரடியானது. ஒரு கடைவீட்டு மாடியைப் பலகையால் தடுத்துத் தடுத்து, ஜன்னல்கூட இல்லாத அறைகளாக்கி, அறைக்கு ஒரு குடும்பம் அல்லது ஆறேழு தனியாட்கள் என்று வாழ்ந்த காலம். கூலிக்காரனுக்கு மனைவி மக்கள் எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம். அவன் சாகக் கிடந்தால், பலர் குடியிருக்கும் வீட்டில் சாவு விழுவது அபசகுனம் என்று மற்றவர்கள் பயந்தார்கள், பிணத்தை இறக்க அந்தக் குறுகிய மாடிப்படியில் இடமும் இல்லை. ஆகவே உயிர் இருக்கும்போதே சேகோ லேனுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். மேல்மாடியில் படுத்துக் காத்திருப்பார்கள், கீழே சவச்சடங்கு நடக்கும். தெருவெல்லாம் அதற்கான கடைகள்: சவப்பெட்டி, ஊதுவத்தி, இறந்தவருக்காக எரிக்கும் காகித வீடு, காகிதக் கார். இரவு முழுக்க மேளமும் ஓதலும், துக்கத்துக்கு வந்தவர்கள் பசியாற விடிய விடியச் சாப்பாட்டுக் கடைகளும். 1961இல் அரசாங்கம் இந்தச் சாவுவீடுகளைத் தடை செய்தது, செய்ய வேண்டியதுதான். அப்புறம் தெருவின் பெரும்பகுதியும் போய்விட்டது. இப்போது மிஞ்சியிருக்கும் துண்டுக்குப் பக்கத்தில் 2007இல் திறந்த புத்தர் பல் ஆலயம், தாங் காலப் பாணியில், பளபளவென்று நிற்கிறது. அழகான கட்டடம்தான், குறை சொல்லவில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முந்திய சீனத்தைக் காட்டும் கட்டடத்துக்குப் பக்கத்தில், அறுபது வருஷத்துக்கு முன் அதே மண்ணில் படுத்துக் கிடந்தவர்களின் தெருப்பெயர் மட்டும் இல்லையே என்றுதான் தோன்றுகிறது.

செத்தவர் தெரு என்று எழுதினால் கடைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பீர்கள். வரலாம். சீனர்களில் நான்காம் எண்ணையே தவிர்க்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கும் தெரியும். ஆனால் பக்கத்து மாடிவீடுகளில் இருக்கும் தாத்தா பாட்டிகளிடம் கேட்டுப் பாருங்கள், அவர்கள் அந்தப் பெயரைச் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். பயம் நமக்குத்தான்.

இந்தப் பயம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2024இல் பார்த்தோம். சவுத் பிரிட்ஜ் ரோட்டில் ஒரு கடைவீட்டுச் சுவரில் சிவப்புத் தலைத்துணி கட்டிய ஒரு சம்சூய் பெண், விரலிடுக்கில் புகையும் சிகரெட்டோடு உட்கார்ந்திருக்கிற ஓவியம். யாரோ ஒருவர் புகார் எழுத, சிகரெட்டை அழிக்கச் சொன்னீர்கள். ஊரே பேசியது. பிறகு அப்படியே இருக்கட்டும் என்று விட்டீர்கள். விட்டதற்கு நன்றி, உண்மையாகவே சொல்கிறேன். ஆனால் முதலில் அழிக்கச் சொன்ன அந்தக் கை எதை நினைத்து எழுந்தது என்று யோசித்தேன். நம் மனதில் சம்சூய் பெண் என்றால் பாடப்புத்தகப் படம்: குனிந்த முதுகு, தோளில் காவடிக் கழி, முகத்தில் தியாகம். அவர்கள் ஆட்களாகவும் இருந்தார்கள். குவாங்தோங்கின் சான்ஷுயிலிருந்து, பெரும்பாலும் 1930களில், ஆண்கள் வருவதற்குக் கட்டுப்பாடு வந்த பிறகு கப்பலேறிய பெண்கள், கட்டுமானத் தளங்களில் மண்ணும் கல்லும் சுமந்து, பொழுது சாய்ந்ததும் அஞ்சடியில், அதாவது கடைவீட்டு முன்நடைபாதையில், உட்கார்ந்து புகைத்தார்கள், சிரித்தார்கள், சண்டை போட்டார்கள், ஊருக்குப் பணம் அனுப்பினார்கள். அவர்களில் பலர் இருந்த தெருவுக்கு வரைபடத்தில் அப்பர் சின் சியூ ஸ்திரீட் என்று பெயர், அவர்கள் வாயில் 'தௌ ஃபூ காய்', தவ்ஃபூ தெரு. அந்தத் தெருவே இப்போது கிடையாது, ஹொங் லிம் காம்ப்ளெக்ஸ் மேலே உட்கார்ந்துவிட்டது. தெரு போனாலும் பலகை வைக்கலாம், தடையில்லை. அதே ஹொங் லிம் காம்ப்ளெக்ஸில் அதற்கு நீங்களே ஓர் உதாரணம் வைத்திருக்கிறீர்கள். 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் சீன ஆண்களை வரிசையில் நிறுத்தி, யார் வாழ்வது யார் சாவது என்று பிரித்த சூக் சிங் மையங்களில் ஒன்று அங்கே இருந்தது என்று சொல்லும் நினைவுக்கல். அலங்காரம் இல்லை, விளக்குத் தோரணம் இல்லை. நின்று படித்தால் தொண்டை அடைக்கும். அந்த மாதிரி எழுத உங்களுக்குத் தெரியாமல் இல்லை.

ஸ்மித் ஸ்திரீட் கதை வேறு ரகம். ஸ்மித் என்பவர் ஆளுநர் செசில் கிளெமென்டி ஸ்மித். சீன ரகசியச் சங்கங்களை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தவர், அவர் பெயரைக் கொண்டுபோய்ச் சீனர் தெருவுக்கு வைத்தார்கள், பொருத்தம் பாருங்கள். 1887இல் அந்தத் தெருவும் திரங்கானு ஸ்திரீட்டும் கூடும் மூலையில் லாய் ச்சுன் யுன் என்ற மூன்று மாடி நாடகக் கொட்டகை வந்தது, கண்டோனீய இசை நாடகம் போட. அதற்கப்புறம் ஸ்மித்தை யார் நினைப்பார்கள்? அது 'ஹெய் யுன் காய்', நாடகக் கொட்டகைத் தெரு. சுற்றியிருந்த தெருக்களுக்கும் கொட்டகைக்கு முன், கொட்டகைக்குப் பின் என்றே பெயர். மாரியம்மன் கோயிலால் பெயர் வந்ததாகச் சொன்னேனே டெம்பிள் ஸ்திரீட், அது அவர்களுக்குக் கொட்டகைப் பின்தெரு. ஒரே தெருவை நாம் கோயிலிலிருந்து பார்த்தோம், அவர்கள் நாடகத்திலிருந்து பார்த்தார்கள்.

இப்போது ஸ்மித் ஸ்திரீட்டை அதிகாரபூர்வமாகச் சீனத்தில் எழுதும்போது எப்படி எழுதுகிறீர்கள்? ஸ்மித்தையே மாண்டரின் ஒலியில், ஷி-மி-ஸி என்று. ஒரு கண்டோனீயக் கிழவருக்கு அவர் பிறந்த தெருவை, அவர் பேசாத மொழியின் வழியாக, அவருக்குத் தெரியாத ஒரு வெள்ளைக்காரன் பெயரில் எழுதிக் காட்டுகிறீர்கள். சீனர் எல்லாரையும் மாண்டரின் பேசச் சொல்லி 1979இல் தொடங்கிய இயக்கத்தால் வந்த நன்மை தீமைகளைப் பேச இது இடமில்லை. ஆனால் வீட்டுமொழி போனதோடு தெருப்பெயர்களும் போயின என்பது மட்டும் கண்கூடு. பேரப்பிள்ளைகளிடம் ஹெய் யுன் காய் என்றால் விழிக்கிறார்கள்.

நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. செய்த வரிசையை நினைத்துப் பார்த்தால் கொஞ்சம் சிரிப்பு வருகிறது, அவ்வளவுதான். 1983இல் தெருக்கடைகளை எல்லாம் அள்ளிக் கொண்டுபோய்ப் புதிதாகக் கட்டிய கிரேத்தா ஆயர் காம்ப்ளெக்ஸில் வைத்தீர்கள், இன்று சைனாடவுன் காம்ப்ளெக்ஸ் என்று சொல்கிறோமே, அது. சுத்தம், தண்ணீர்க்குழாய், கழிவறை எல்லாம் கிடைத்தது, அம்மாவுக்கே அது பிடித்திருந்தது, சேலை நனையாமல் மீன் வாங்கலாம் என்று. அதே வருஷம் சிங்கப்பூருக்கு வரும் பயணிகளின் எண்ணிக்கை குறைந்தது. ஏன் என்று ஆராய்ந்த குழு 1984இல் சொன்ன காரணங்களில் ஒன்று, பழைய கட்டடங்களும் தெரு வாழ்க்கையும் போனதால் ஊரின் வசீகரம் போய்விட்டது என்பது. அப்புறம் பாதுகாப்புத் திட்டம் 1986இல், சைனாடவுன் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது 1989இல். கட்டடங்கள் தப்பின, அதற்கு நிஜமாகவே கும்பிடு போடலாம், இல்லாவிட்டால் இன்று அங்கே கண்ணாடிக் கோபுரங்கள்தான். ஆனால் கட்டடம் தப்பியபோது அதற்குள் இருந்தவர்கள் ஏற்கெனவே வெளியே வந்திருந்தார்கள். கூடு பத்திரம், குருவி தோ பாயோ அடுக்குமாடியில்.

வெற்றுக்கூட்டில் உயிர் ஊற்றப் பார்த்தீர்கள். 1998இல் 97.5 மில்லியன் வெள்ளிக்கு ஒரு திட்டம், பஞ்சபூதத் தோட்டங்கள் எல்லாம் அதில் இருந்தன. இது கேளிக்கைப் பூங்காவா, ஊரா என்று மக்கள் கேட்டார்கள். 2001இல் ஸ்மித் ஸ்திரீட்டை உணவுத்தெரு ஆக்கினீர்கள், 2014இல் அதற்குக் கண்ணாடிக் கூரை போட்டீர்கள், 2021 அக்டோபரோடு அது மூடிவிட்டது. கோவிட் காலம், பயணிகள் இல்லை, சரி. ஆனால் இருநூறு அடி தள்ளி, சைனாடவுன் காம்ப்ளெக்ஸின் இரண்டாம் மாடியில் இருநூறுக்கும் மேற்பட்ட உணவுக்கடைகள் அதே கோவிட்டில் பிழைத்துக் கிடந்தன. அங்கே சாப்பிடுவது அக்கம்பக்கத்து ஆட்கள். 2016இல் அங்கே சோயா சாஸ் கோழி விற்ற ஒரு கடைக்கு மிஷலின் நட்சத்திரம் கிடைத்தது, உலகமே வந்து வரிசையில் நின்றது. அந்த மாடியை யாரும் 'வசீகரமாக' வடிவமைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நாற்காலிகள் தரையோடு பொருத்தியவை, மின்விசிறி சத்தம் போடும்.

இன்றைக்கும் தெரு வாழ்க்கை இருக்கிறது, நீங்கள் விளக்கு கட்டிய இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி. காம்ப்ளெக்ஸுக்கு வெளியே கிரேத்தா ஆயர் சதுக்கத்தில் மத்தியானம் போய்ப் பாருங்கள். சீனச் சதுரங்கம் ஆடுகிறவர்கள் இரண்டு பேர் என்றால் அவர்களுக்கு யோசனை சொல்கிறவர்கள் பத்துப் பேர். காயை அடிக்கும்போது டப்பென்று பலகை அதிர வேண்டும், மெதுவாக வைத்தால் மரியாதை இல்லை போலும். ஓரத்தில் சில பாட்டிகள், காலணியைக் கழற்றி வைத்துவிட்டு, யார் தோற்றாலும் சிரிப்பார்கள். எதிர்ப்பக்கம் நியூ பிரிட்ஜ் ரோட்டைத் தாண்டினால் பீப்பிள்ஸ் பார்க் பக்கம் வேறொரு சீனம்: அண்மையில் சீனாவிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், அவர்களுக்கான மாலா என்ற காரச் சாப்பாட்டுக் கடைகள், ஊருக்குப் பணம் அனுப்பும் முகப்புகள், கைப்பேசிக் கடைகள். இது அசல் சைனாடவுன் இல்லை என்று முகம் சுளிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் காலத்தில் அஞ்சடியில் சின்ன மேசை போட்டு, எழுதத் தெரியாத கூலிகளுக்காக வீட்டுக்குக் கடிதம் எழுதிக்கொடுத்தவர்கள் இருந்தார்கள், கடிதத்தோடு பணமும் போகும். பணம் அனுப்பும் முகப்பில் ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நிற்கும் கட்டுமானத் தொழிலாளி அந்த மேசைக்கு முன்னால் நின்றவனின் வாரிசுதான். குடியேறிகளின் பேட்டை என்றால் குடியேறிகள் இருக்கத்தானே வேண்டும்?

சரி, பலகைக்கு வருவோம். விளக்கப் பலகைகள் ஏற்கெனவே இருக்கின்றன என்று பதில் எழுதுவீர்கள். இருக்கின்றன, நான் படித்திருக்கிறேன், சில நன்றாகவே எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் இருநூறு சொல் விளக்கத்தை வெயிலில் நின்று யாரும் படிப்பதில்லை. தெருப்பெயர் அப்படியில்லை. வழி தேடுகிறவன் நிமிர்ந்து பார்த்தே ஆக வேண்டும், அனுமதி கேட்காமல் கண்ணுக்குள் போய்விடும். அதனால்தான் தெருமுனைக் கம்பத்திலேயே கேட்கிறேன். தயவுசெய்து கியூஆர் குறியீடு ஒட்டி "மேலும் அறிய" என்று முடித்துவிடாதீர்கள்.

பெயர்களை எங்கே தேடுவது என்று கவலைப்பட வேண்டாம். 1891இலும் 1905இலும் ஆங்கிலேயர் இருவர் சிங்கப்பூர்த் தெருக்களுக்கு உள்ளூர் மக்கள் வைத்த பெயர்களைப் பட்டியல் போட்டு அச்சிட்டிருக்கிறார்கள், உங்கள் தேசிய நூலகத்திலேயே இருக்கிறது. சீனப்பெயர் மட்டும் இல்லை, பழைய பட்டியலில் தமிழும் மலாயும் உண்டு. குரோஸ் ஸ்திரீட்டுக்கு மலாயில் கம்போங் சூசூ, தமிழில் பால்கடைச் சடக்கு. சடக்கு என்றால் சாலை, மலேசியாவில் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். சீனர் பேட்டையின் ஓரத்தில் தமிழர் பால் விற்ற சாலை. காப்பிக் கடையில் உட்கார்ந்து 'பால்கடைச் சடக்கு' என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன், என் தாத்தாவின் வாயை யாரோ கடன் வாங்கிப் பேசின மாதிரி இருந்தது.

எல்லாத் தெருவுக்கும் ஒரே நாளில் கேட்கவில்லை. ஐந்து தெருவில் தொடங்குங்கள்: பகோடா, சேகோ லேன், ஸ்மித், டெம்பிள், அப்பர் குரோஸ். கண்டோனீயப் பெயரைக் கண்டோனீய ஒலியிலேயே எழுதுங்கள், மாண்டரினில் சலவை செய்யாமல். பொருளை நான்கு மொழியிலும் போடுங்கள். உச்சரிப்பில் சந்தேகம் வந்தால் அகராதிக்குப் போவதற்கு முன்னால் சதுரங்கப் பலகைக்குப் போங்கள். நீங்கள் ஒரு பெயரைத் தப்பாகச் சொன்னால் அங்கே இருக்கும் பத்துப் பேரும் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திருத்துவார்கள், அவர்களுக்குள் சண்டையும் வரும், குறிப்பெடுக்க ஓர் ஆளைக் கூட்டிப் போவது நல்லது. ஆனால் சீக்கிரம். போன வருஷம் பார்த்த முகங்களில் சில இந்த வருஷம் இல்லை.

அங்கே நான் அநேகமாகச் சனிக்கிழமை மத்தியானங்களில் இருப்பேன். இன்னும் எனக்கு அந்த ஆட்டம் புரியவில்லை, ஆனாலும் யோசனை சொல்கிறவர்கள் கூட்டத்தில் என்னையும் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள்.

இப்படிக்கு,
தஞ்சோங் பகாரில் வளர்ந்து, கிரேத்தா ஆயரில் காய்கறி வாங்கிய ஒரு சிங்கப்பூர்க்காரர்

பி.கு.: பலகையில் தமிழ் எழுதப் போகிறீர்கள் என்றால் அச்சுக்குப் போகுமுன் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள். 'சடக்கு'வில் க-வுக்குத்தான் புள்ளி, ட-வுக்கு இல்லை.